குழாய் தரையில் இருக்கிறது

"தெர்ரா: தூபோ."

நீல மையில் எழுதிய இரண்டு சொற்கள். கீழே அக்டோபர் என்று மாதம் இருந்தது. ஆண்டு இருந்த இடத்தில் ஈரம் பட்டு மை பரவிவிட்டது. தேதி இல்லாத காகிதத்தைக் கண்டால் எனக்கு மனம் அமைதிப்படாது. எத்தனையோ முறை விளக்கைப் பிடித்துப் பார்த்தும் அந்த ஆண்டை வாசிக்க முடியவில்லை.

சிசிலியில், எங்கள் ஊரின் கால்சாப் பகுதியில், துறைமுகப் பக்கமாக நிற்கும் ஒரு பழைய மாளிகையின் கீழ்த்தளத்தில், மின்பலகைக் கதவின் உட்புறம் ஒட்டியிருந்த துண்டு அது. இத்தாலியனில் தெர்ரா என்றால் எர்த். தூபோ என்றால் குழாய். எங்களுக்கு முன்னால் அங்கே வேலை செய்த யாரோ ஒருவர் தனக்குப் பின்னால் வருகிறவனுக்காக எழுதி வைத்திருக்கிறார்: இங்கே எர்த்துக்குத் தனி வயர் கிடையாது, வயர்களைச் சுமந்து வரும் இரும்புக் குழாய்தான் எர்த்.

இந்த ஊரில் இப்போது மின்வேலைக்கு வந்திருக்கும் நம் பிள்ளைகள் மஞ்சளும் பச்சையுமான எர்த் வயரைப் பார்த்தே பழகியவர்கள். குழாயை எர்த்தாக நம்பிய கட்டடங்களில் நீங்கள் அதிகம் வேலை செய்திருக்கமாட்டீர்கள். ஆனால் பழைய கட்டடங்களில் அவை இன்னும் இருக்கின்றன. அந்தக் கீழ்த்தளம் ஒரு காலத்தில் அச்சுக்கூடமாக இருந்ததாம். இயந்திரங்களுக்காகச் சுவர் நெடுக இரும்புக் குழாய் போட்டு, அதற்குள் வயர் இழுத்திருந்தார்கள். ஏதாவது ஓர் இயந்திரத்தின் உடம்பில் மின்சாரம் கசிந்தால், அது குழாய் வழியே பலகைக்கு வந்து, அங்கிருந்து மண்ணுக்குப் போய்விடும். மூட்டுகள் இறுக்கமாக இருந்தால் குழாய் நல்ல எர்த்தான். நானும் என்னோடு வேலை செய்த அருள்தாசும் ஒவ்வொரு மூட்டாக அளந்து பார்த்தோம். சரியாக இருந்தது. சரியாக இருப்பதைப் பிரிக்க வேண்டாம் என்று விட்டோம். அந்த முடிவில் எனக்கு இன்றும் தவறு தெரியவில்லை. குழாய் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது.

அதில் ஒரு பலவீனம் உண்டு. அது மீட்டரில் தெரியாது. எர்த் வயரைப் பார்க்கிற எவனும் அது மின்சாரத்துக்கு உரியது என்று அறிவான். குழாயைப் பார்க்கிற, சுவர் வேலை செய்யும் மேசனுக்கு அது வெறும் குழாய்.

இனிச் சொல்லப்போவது நடந்த ஆண்டைச் சொல்லாமல் விடுகிறேன். சம்பந்தப்பட்ட குடும்பத்தார் இங்கேயே, நம் ஆலயத்திலேயே இருக்கிறார்கள்.

மேல் தளங்களை வீட்டுக்கார அம்மா, நாங்கள் சின்யோரா என்போம், சுற்றுலாப் பயணிகளுக்கு அறை அறையாக வாடகைக்கு விட்டிருந்தார். கீழ்த்தளத்தில் அந்த அறைகளின் விரிப்புகளைத் தோய்க்கும் இடம். தோய்த்தது பிலோமினா, மன்னார்க்காரி. ஞாயிறு தமிழ்ப் பூசையில் முதல் வரிசைக் குரல் அவருடையது. பாட்டுப் புத்தகத்தைப் பார்க்காமல் பாடுவார். சொல் மறந்தால் தானே ஒரு சொல் போட்டு நிரப்புவார்.

அங்கே ஒரு பெரிய வோஷிங் மெஷின் இருந்தது. தண்ணீரைச் சூடாக்கும் எலமெண்ட் பழுதாகி மின்சாரம் கசிந்தது. அது சூடாகத் தொடங்கியதும் ட்ரிப் சுவிட்ச் விழுந்து மின்சாரத்தை நிறுத்திவிடும். இங்குள்ளவர்கள் ட்ரிப் சுவிட்சைச் சல்வவீத்தா என்கிறார்கள். உயிர்காப்பான் என்று பொருள். வாயிற்காவலர், சிசிலிக்காரர், நாற்காலியிலிருந்து எழுந்து போய் அதைத் திரும்பத் தூக்கிவிட்டு வருவார். ஒருநாள் நாங்கள் போனபோது பிலோமினா ஈரக்கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு நின்றார்.

"அண்ணை, உங்கட உயிர்காப்பான் என்ர உயிரை எடுக்குது. விரிப்பைப் போட்டு முடியேல்லை, பொத்தெண்டு விழுந்திடுது."

"அது விழுறது நல்லதுக்குத்தான் அக்கா," என்றான் அருள்தாஸ்.

"நல்லதுக்கெண்டா நீ வந்து தோய். நான் போய்ப் படுக்கிறன்."

எலமெண்டை மாற்றும்வரை மெஷினைப் பாவிக்க வேண்டாம் என்று சின்யோராவிடம் சொன்னோம். மாற்றுகிறேன், இந்த மாதம் அறைகள் நிரம்பியிருக்கின்றன, கொஞ்சம் பொறுங்கள் என்றார். மெஷின் ஓடியது. சல்வவீத்தா விழுந்தது. காவலர் தூக்கினார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் குழாய் இருந்தது.

கழிவுத் தண்ணீர்க் குழாய் ஒன்றைப் புதிதாகப் பதிக்க மேசன் வந்தது அதற்குப் பிறகு. நாங்கள் பலகையருகே வேறு வேலையாக நின்றோம். நடைவழியில் நம் இரும்புக் குழாய் தன் வழியில் குறுக்கே வருகிறது, என்ன செய்யட்டும் என்று அவர் கேட்டார்.

எங்கள் இருவரில் இத்தாலியன் நன்றாகப் பேசுகிறவன் அருள்தாஸ். நம் நாட்டின் தீவுப்பகுதியிலிருந்து வந்தவன், வாய் ஓயாதவன், மேசன்மாரோடு உதைபந்தாட்டம் கதைத்துச் சண்டை பிடிக்கிற அளவுக்கு மொழி இருந்தது. அவன் திரும்பிப் பார்த்துச் சொன்னான்:

"இல் தூபோ தேவே ஸ்தாரே ஆ தெர்ரா."

குழாய் எர்த்தில் இருக்கவேண்டும். அதைத்தான் அவன் சொன்னான். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். எனக்கும் அப்படியே கேட்டது.

மேசன் தலையாட்டினார். இரண்டு நாள் கழித்து நாங்கள் ஊரின் இன்னொரு பக்கத்தில், சீசா என்ற பகுதியில், ஒரு வீட்டில் வேலையாக இருந்தபோது அவரிடமிருந்து அழைப்பு வந்தது. வேலை முடிந்தது, சரிதானே என்றார். "இல் தூபோ ஏ ஆ தெர்ரா. வா பேனே?"

"பெர்ஃபெத்தோ," என்றான் அருள்தாஸ். வைத்துவிட்டு என்னிடம் சொன்னான். "நல்ல மேசன் அண்ணை. சொன்னதைச் செய்துபோட்டு எடுத்தும் சொல்லுறான். குழாய் எர்த்தில இருக்காம்."

நாங்கள் இந்த நாட்டின் மொழியைப் பள்ளியில் படித்தவர்கள் அல்ல. இத்தாலியனில் எங்களுக்குத் தெரிந்த சொற்களில் பாதி மின்பலகைக்கு முன்னால் நின்று படித்தவை. தெர்ரா என்ற சொல் எங்களுக்கு அங்கே அறிமுகமானது, அங்கேயே தங்கிவிட்டது. ஆண்டுக்கணக்காக அந்தச் சொல்லைக் கேட்டால் எங்கள் கண்ணில் வருவது மஞ்சள் பச்சை. மேசனுக்கு அது அப்படியல்ல. அவருக்கு ஆ தெர்ரா என்றால் தரையில். சிமெந்துப் பை தரையில், சுத்தியல் தரையில், குழாய் தரையில். குழாயைக் கழற்றித் தரையில் போடச் சொல்கிறார்கள் என்று அவர் விளங்கிக்கொண்டார். நடைவழி நீளத்துக்கு அறுத்து எடுத்தார். வயர்கள் சும்மா தொங்கக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் அவற்றை வளையும் பிளாஸ்டிக் குழாய்க்குள் ஒழுங்காக விட்டார். அறுத்ததைச் சுவரோரம் தரையில் வைத்தார். பிறகு, செய்துவிட்டேன், சரியா என்று எடுத்துக் கேட்டார்.

இத்தாலியர் ஒருவர் சொல்லியிருந்தால் மேசனின் முகத்தில் சிறு தயக்கத்தைக் கண்டு வேறு சொல்லில் திரும்பச் சொல்லியிருப்பார். சிசிலியில் பிறந்த நம் பிள்ளைகள் சொல்லியிருந்தாலும் அப்படியே. எங்களுக்கு வேறு சொல் இருக்கவில்லை. வேறு சொல் தேவை என்பதும் தெரியவில்லை.

இப்போது நீங்கள் கவனிக்கவேண்டியது அடுத்து நடந்தது. சல்வவீத்தா விழுவது நின்றுவிட்டது.

அது நிற்கத்தான் செய்யும். கசிகிற மின்சாரம் போக வழி இருந்தவரை அது விழுந்தது. வழி அறுந்ததும், கசிவு போக இடமில்லாமல் மெஷினின் உடம்பிலேயே தங்கியது. பலகைக்கு எதுவும் தெரியவில்லை. எல்லோருக்கும் நிம்மதி. காவலர் நாற்காலியைவிட்டு எழும்பத் தேவையில்லை. சின்யோரா எங்களுக்கு ஒரு பெட்டி கன்னோலி இனிப்புக் கொடுத்தனுப்பினார். நாங்கள் மெஷினைத் திருத்திவிட்டோமாம். சீசா வீட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து அதைத் தின்றோம்.

"எலமெண்டை மாத்தினவையோடா?" என்று கேட்டேன்.

"மாத்தியிருப்பினம். இல்லாட்டி ஏன் விழாமல் நிக்குது?"

அவ்வளவுதான். அந்தக் கேள்விக்கு அவன் பதில் சொன்ன விதத்தைப் பாருங்கள். பதிலையும் அவன் ஒரு கேள்வியாகத்தான் சொன்னான். இரண்டு பேரும் கையில் கன்னோலியோடு இருந்தோம். தொந்தரவு கொடுத்துக்கொண்டிருந்த ஒன்று, நீங்கள் எதையும் திருத்தாமல் தானாக அடங்கினால், அன்றைக்கே திரும்பிப் போங்கள். இந்தக் கட்டுரையில் மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து முற்றத்தில் பிலோமினா என்னிடம், "இப்ப மெஷின் பூனைக்குட்டி மாதிரிக் கிடக்குது அண்ணை. அருள்தாஸ் தம்பிக்குச் சொல்லுங்கோ, நான் இனி அவனைப் பேசமாட்டன் எண்டு," என்றார்.

மெஷினைத் தொட்டால் கை கூசுகிறது என்பதை அவர் எங்களிடம் சொல்லவில்லை. வீட்டில் கணவர் சூசையிடம் சொல்லியிருக்கிறார். சூசை, வயது போனால் எல்லாம் கூசத்தான் செய்யும் என்று பகிடி பண்ணியிருக்கிறார். பிறகு மனம் கேட்காமல் சந்தையில் தடித்த ரப்பர் செருப்பு ஒரு சோடி வாங்கிக் கொடுத்திருக்கிறார். செருப்பு வந்ததும் கூச்சம் குறைந்தது. அதனால் அந்தப் பேச்சும் அத்தோடு நின்றது. எங்கள் மொழியில் கூசுகிறது என்பது உடம்புக்குரிய சொல். மின்சாரத்தைப் பற்றிச் சொல்ல நினைத்திருந்தால் அவர் அடிக்குது என்று சொல்லியிருப்பார். அடிக்கவில்லை, கூசியது, ஆகவே அது மின்பணியாளரிடம் சொல்லவேண்டிய விடயமாக அவருக்குத் தோன்றவில்லை. நீங்கள் ஒரு வீட்டுக்குப் போனால் மெஷின் அடிக்குதா என்று மட்டும் கேட்காதீர்கள். கூசுதா என்றும் கேளுங்கள்.

தவக்காலத்தில் ஒரு புதன்கிழமை. முற்பகல். காவலர் அருள்தாசை அழைத்தார். உங்கள் தமிழ்ப் பெண், உடனே வாருங்கள் என்று மட்டும் சொன்னார். சீசாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் போனோம்.

முற்றத்தில் அம்புலன்ஸ் நின்றது. அம்புலன்ஸ்காரர்கள் பிலோமினாவை வாசல் பக்கமாக இழுத்து வைத்து நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் நிறுத்தினார்கள். ஒருவர் எழுந்து கையுறையைக் கழற்றினார். நான் பார்த்தது, அவருக்குக் காலில் செருப்பு இல்லை. அந்த ரப்பர் செருப்பு இரண்டும் கழுவி, யன்னல் விளிம்பில் வெயிலைப் பார்த்துச் சாய்த்து வைத்திருந்தது. தரை முழுக்க ஈரம்.

அருள்தாசோடு பலகைக்குப் போனேன். சல்வவீத்தா கீழே இறங்கியிருந்தது.

சின்யோரா அழுதுகொண்டிருந்தார். அது நடிப்பல்ல. ஆனால் அழுகைக்கு நடுவில், மேலே மாலையில் ஆட்கள் வரப்போகிறார்கள், மேல் தளத்துக்கு மட்டுமாவது மின்சாரம் கொடுக்க முடியுமா என்று கேட்டார். எதையும் தொடமாட்டேன் என்றேன். திரும்பக் கேட்டார். திரும்பவும் அதையே சொன்னேன்.

அருள்தாஸ் நடைவழிக்குள் போயிருந்தான். அவன் முதலில் மேலே பார்த்தான். இரும்பு இருந்த இடத்தில் சாம்பல்நிறப் பிளாஸ்டிக். பிறகு கீழே பார்த்தான். சுவரோரம், பழைய மரப்பலகைத் துண்டுகளோடு, அறுத்த குழாய்.

"அண்ணை," என்றான். "குழாய் தரையில கிடக்குது."

சொன்ன பிறகு அவனுடைய உதடு இன்னொருமுறை அசைந்தது. அதே வசனத்தை இத்தாலியனில் சொல்லிப் பார்க்கிறான் என்று எனக்கு விளங்கியது. அவனுடைய முகம் மாறிய அந்த விநாடியில்தான் எனக்கும் எல்லாம் விளங்கியது.

அவன் பையைத் திறந்து மஞ்சள் பச்சை வயர்ச் சுருளை எடுத்தான். "இப்பவே ஒண்டை இழுத்து விடுவம். கொஞ்ச நேர வேலை. நான் அங்கால கட்டுறன், நீங்க பலகையில கட்டுங்கோ."

"கையை எடு."

"பொலிஸ் வரப்போகுது அண்ணை."

"வரட்டும். இது கிடக்கிறபடி கிடக்கட்டும்."

"எனக்கு இஞ்ச இருக்கிற பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கக் குடுத்துக் கிடக்குது. பிள்ளையள் பள்ளிக்கூடம் போகுதுகள். உங்களுக்கு என்ன, நீங்க ஓய்வெடுக்கப் போற ஆள்."

"அருள்தாஸ், வெளியில கிடக்கிறது பிலோமினா."

அவன் சுருளைப் பைக்குள் வைக்கவில்லை, கீழே போட்டான். அப்படியே சுவரோடு சாய்ந்து அந்தக் குழாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். பொலிஸ் வந்தபோதும் அப்படியே இருந்தான். கேட்டதற்கெல்லாம் உள்ளதைச் சொன்னான். மேசனும் உள்ளதைத்தான் சொன்னார். தன்னைக் குழாயைத் தரையில் போடச் சொன்னார்கள் என்றார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்பதை எழுதிக்கொண்டிருந்தவருக்கு விளங்கவைக்க நெடுநேரம் ஆனது.

விசாரணை எப்படி முடிந்தது என்பதை எழுதப்போவதில்லை. அருள்தாஸ் தொழிலை விட்டுவிட்டான். இப்போது ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் உணவகத்தின் குசினியில் நிற்கிறான். பெருநாட்களில் ஆலயத்தில் கண்டால் தலையசைப்பான். ஆலய முற்றத்தில் பழையபடி அவனுடைய குரல் கேட்பதில்லை. வயரை இழுக்க விட்டிருந்தால் அவன் தப்பியிருப்பானா என்று கேட்பீர்கள். தப்பியிருக்கலாம். ஆனால் அந்த வயர் அங்கே இருந்திருந்தால், பிலோமினாவின் சாவுக்குக் காரணமே தெரியாமல் போயிருக்கும். இதயம் பலவீனம் என்று எழுதியிருப்பார்கள். சூசை அதை நம்பியிருப்பார். தவறு நடந்த இடத்தில் உங்கள் கை போகத் துடிக்கும். கையைப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கையைக் கட்டிக்கொண்டு நின்ற நேரத்தில் நான் வாயையும் மூடிக்கொண்டு நின்றேன். காவலர் எனக்குப் பக்கத்திலேயே தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு நின்றார். அப்போது கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. எனக்கு அது தோன்றவே இல்லை. அதைக் கேட்டவர் சூசை, அடக்கம் முடிந்து சில வாரங்களுக்குப் பிறகு.

சீசாவில் என் வீட்டுக்குப் பஸ் பிடித்து வந்தார். தேநீரைத் தொடவில்லை.

"அண்ணை, சல்வவீத்தா இறங்கியிருந்தது எண்டு சொல்லுறீங்கள்."

"ஓம்."

"அது தானா விழுந்ததோ, ஆரும் இறக்கினவையோ?"

அவர் தொடர்ந்தார்.

"தானா விழுந்ததெண்டா அந்தக் கணமே அவளை விட்டிருக்கும், என்ன? ஆரும் வந்து இறக்கினவையெண்டா, அவையள் வாறவரைக்கும் அவள் அதிலை பிடிபட்டு நிண்டிருப்பாள். கூப்பிட்டுமிருப்பாள். அவளின்ர குரல் உங்களுக்குத் தெரியுந்தானே அண்ணை. முற்றத்துக்குக் கேட்டிருக்கும்."

நான் காவலரிடம் போனேன். பொலிசிடம் அவர், சத்தம் கேட்டு ஓடிப்போய்த் தானே இறக்கியதாகச் சொல்லியிருந்தார். என்னிடம், தான் போனபோது அது ஏற்கனவே கீழே இருந்தது என்றார். பொலிசிடம் வேறு மாதிரிச் சொன்னீர்களே என்றேன். ஒன்றும் செய்யாமல் நின்றேன் என்று எப்படிச் சொல்வது என்றார். இப்போது சொல்வது அந்தக் கணவருக்காகவா என்று கேட்டேன். அவர் நாற்காலியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சில நாளில் வடக்கே மகள் வீட்டுக்குப் போய்விட்டார். விலாசம் கிடைக்கவில்லை.

பொலிசார் சல்வவீத்தாவைக் கழற்றிக்கொண்டுபோய்ச் சோதித்தார்கள். சோதித்த அன்று அது ஒழுங்காக விழுந்தது என்று சொன்னார்கள். அது எனக்குப் போதவில்லை. மாதக்கணக்காக விழாமல் நின்ற பழைய ட்ரிப் சுவிட்ச் முதல்முறை இறுகி நின்றுவிட்டு, ஒருமுறை கையால் அசைத்த பிறகு நன்றாக வேலை செய்வதை நான் பார்த்திருக்கிறேன். உடனே விழுந்தும் ஒரு மனிதரின் இதயம் நின்றுபோனதையும் கேள்விப்பட்டிருக்கிறேன். அந்தச் சோதனை இரண்டுக்கும் இடம் வைத்துவிட்டது.

இதையெல்லாம் சூசையிடம் போய்ச் சொன்னேன். கடைசிவரை கேட்டார்.

"தானா விழுந்தது எண்டு சொல்லிப்போட்டுப் போயிருக்கலாமே," என்றார்.

"சொல்லியிருக்கலாம்."

"ஆலயத்தில எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுகினம். உடனே போயிட்டாவாம், ஒண்டும் தெரிஞ்சிராதாம். ஒருத்தரும் பலகையைப் பாக்கேல்லை." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க எல்லாத்தையும் எழுதி வைக்கிற ஆள். இதையும் எழுதுவீங்கள். தெரியாதெண்டா தெரியாதெண்டு எழுதுங்கோ. ஆறுதலுக்கு ஒண்டும் எழுதாதேங்கோ."

ஆகவே எழுதுகிறேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சல்வவீத்தா கீழே இருந்தது. அருள்தாசும் நானும் அதைக் கண்ணால் கண்டோம். அது தானாக விழுந்ததா, யாராவது இறக்கினார்களா என்பது இன்றுவரை உறுதிசெய்யப்படவில்லை.